வாசகர் கேள்வி: மழையும் பேஸ் கிட்டாரும்

கேள்வி: மழை தொடங்கியதும் என் பேஸ் கிட்டாரில் தந்திகள் உயர்ந்துவிடுகின்றன. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைத் தாழ்த்தலாமா? (வாசகர், ஹட்டன்)

பதில்: பிரிட்ஜில் உடனே கைவைக்காதீர்கள். ஈரப்பதம் மாறினால் கழுத்து மரம் அசையும். தந்திகளின் இழுவை அதை முன்னால் வளைக்கும். சுருதி சேர்த்தபின், தடித்த 'ஈ' தந்தியை முதல் பிரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) கடைசிப் பிரெட்டிலும் அழுத்தி, எட்டாம் பிரெட்டின்மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் அளவு போதும். கூடினால் ட்ரஸ் ரொட்டை (கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி) வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்து, மறுநாள் அளந்து பாருங்கள். அதைத் திருப்பும் அலன் கீ (அறுகோணச் சாவி) கச்சிதமாகப் பொருந்த வேண்டும். தளர்வானது ரொட்டின் முனையில் உள்ள நட்டின் பள்ளத்தைத் தேய்த்துவிடும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு! இடைவெளி சரியாகியும் உயரம் குறையாவிட்டால்தான் பிரிட்ஜ்.

கேள்வி: ஃபெண்டரின் இரு பேஸ் கிட்டார் மாதிரிகளில் எது நல்லது, பிரிசிஷனா, ஜாஸ் பேஸா? (வாசகி, பண்டாரவளை)

பதில்: சிறிய கைக்கு ஜாஸ். தலைப் பக்கம் அதன் கழுத்து ஒடுங்கியது.