எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்தி

கேள்வி: எனக்கு வயது 38. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஐந்து வாரங்கள் ஆகின்றன. மென்மையான உணவுக்கு மாறியதிலிருந்து குமட்டலும், வாரத்தில் மூன்று நான்கு முறை வாந்தியும் வருகின்றன. தடுக்க வழி உண்டா?

மருத்துவர் பதில்: நீர்ம உணவு தொல்லையின்றி இறங்கி, மென்மையான உணவுக்கு மாறிய பின்னரே வாந்தி தொடங்கியது என்றால், பெரும்பாலும் காரணம் உண்ணும் முறைதான். ஏறக்குறைய முக்கால் பங்கு இரைப்பை நீக்கப்பட்டு, 100 முதல் 150 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் குறுகிய குழாயே உங்களுக்கு எஞ்சியிருக்கிறது. பழைய வேகத்தில் விழுங்கினால் அது தாங்காது. சிறு கரண்டியால் எடுத்து, கூழாகும்வரை மென்று, ஒரு வேளை உணவுக்கு இருபது முப்பது நிமிடங்கள் ஒதுக்குங்கள். நெஞ்சுக்குக் கீழே லேசாக அழுத்துவது போலத் தோன்றியதும் நிறுத்திவிடுங்கள். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று பழகியவர்களுக்கு இதுதான் மிகக் கடினம். அந்தக் கடைசி ஒரு வாய்தான் பெரும்பாலும் வாந்தியாக வெளியேறுகிறது.

உணவோடு தண்ணீர் அருந்தாமல், உண்டபின் அரை மணி நேரம் பொறுத்திருந்து, நாள் முழுவதும் மிடறு மிடறாக ஒன்றரை லிட்டராவது குடியுங்கள். நீர்ச்சத்துக் குறைவே குமட்டலைத் தூண்டும். இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்குவதும் அப்படித்தான். வாந்தி வந்த நாளில் நீர்ம உணவுக்குத் திரும்பி, ஓரிரு நாள் கழித்து மீண்டும் முன்னேறலாம்.

இத்தனைக்குப் பிறகும் நிற்காவிட்டால், வாந்தியை அடக்கும் மாத்திரையை நீங்களே வாங்கி உண்டு நாள் கடத்த வேண்டாம். குழாய் சுருங்கியிருக்கலாம், அதை எண்டோஸ்கோப்பி மூலம் கண்டறிந்து பலூனால் விரிக்க முடியும். பித்தப்பைக் கல், பெண்களாயின் கருத்தரிப்பு ஆகியவற்றையும் மருத்துவர் கருத்தில் கொள்வார்.

நான் அதிகம் அஞ்சுவது தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைபாட்டை. உடலின் இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்து, மூளையும் நரம்புகளும் நிரந்தரமாகப் பாதிக்கப்படக்கூடும். பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, மனம் குழம்பினாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, அறுவை செய்துகொண்டதையும் தொடர் வாந்தியையும் முதலிலேயே சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ அதனுடனோ தயமின் ஊசி போட வேண்டும். ஒரு நாள் முழுதும் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும், வாந்தியில் இரத்தம், கடும் வயிற்றுவலி, காய்ச்சல் அல்லது நெஞ்சுப் படபடப்பு இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.