குடைக்கு அடியிலும் பாருங்கள்

கேள்வி: காட்டுக் காளான் படம் எடுக்கக் கொடைக்கானலுக்குத்தான் போக வேண்டுமா? எங்கள் பக்கம் பனையும் உடைமரமும் மணலும்தான். (வாசகி, உச்சிப்புளி)

பதில்: உங்கள் பனங்காடே போதும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து நாலைந்து நாள் கழித்துக் கிளம்புங்கள். கச்சான் (மேல்காற்று) வீசும் மாதங்களில் மண் வறண்டு கிடக்கும், அலைச்சல்தான் மிச்சம். வெறும் மணல் திட்டிலும் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஈரம் தங்கும் இடங்கள்தான் கணக்கு: மட்கிய பனை மட்டை, விழுந்து கிடக்கும் கட்டை, கோயில் காட்டு நிழல், எருக்குழி, கறையான் புற்று.

முதலில் கட்டைகளைப் பாருங்கள். விரல் நக அளவில், விசிறி போல, மேலே சாம்பல் வெள்ளையில் மயிர் படர்ந்த காளான் வரிசையாக ஒட்டியிருக்கும். ஸ்கிசோஃபில்லம் என்பது அதன் பெயர். அடியில் தகடு தகடாக இருக்கும் செவுள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். காய்ந்தால் சுருளும், மழை பட்டால் மறுபடி விரியும். எங்கும் ஓடாது, கையைப் பழக்க அதைவிட நல்லது இல்லை. சாணத்தில் முளைப்பது அதற்கு நேர்மாறு. காலையில் விரிந்தது வெயில் ஏறியதும் மை போலக் கரைந்துவிடும். ஆறு மணிக்கே அங்கே இருக்க வேண்டும்.

புற்றுப் பக்கம் போனால் கையை விடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள். நல்ல பாம்பு புற்றிலும், சுருட்டை விரியன் சருகிலும் கல்லடியிலும் இருக்கும். செருப்பு போதாது, முள்ளுக்காகவும் ஷூ போடுங்கள்.

கேள்வி: தெளிவாகத்தான் படம் எடுக்கிறேன். ஆனால் யாரிடம் காட்டினாலும் இன்ன காளான் என்று சொல்ல முடியவில்லை என்கிறார்கள். ஏன்? (வாசகர், தொண்டி)

பதில்: நின்றபடி மேலிருந்து எடுத்திருப்பீர்கள். அதில் தெரிவது குடையின் முதுகு மட்டும். அடையாளம் எல்லாம் அடியில்தான்.

மீனுக்கு இருப்பதுபோலக் காளானுக்கும் குடைக்கு அடியில் செவுள் உண்டு. சிலவற்றில் செவுளுக்குப் பதில் நுண்துளைகள் இருக்கும். செவுள் தண்டில் ஒட்டியிருக்கிறதா, விலகி நிற்கிறதா, என்ன நிறம் என்பது படத்தில் வர வேண்டும். பிடுங்க வேண்டியதில்லை. பவுடர் டப்பாக் கண்ணாடியைத் தரையில் வைத்து அதில் தெரிவதை எடுக்கலாம். குடை உயரமாக இருந்தால் ஃபோனைத் தரையில் மல்லாக்கப் போட்டு முன்பக்கக் கேமராவால் எடுங்கள், டைமர் 3 வினாடி.

அடுத்து தண்டு. வளையம் இருக்கிறதா, மண்ணுக்குள் எப்படி முடிகிறது? நிறைய முளைத்திருந்தால் ஒன்றை மட்டும், சுற்றிலும் கத்தியால் நெம்பி முழுதாக எடுங்கள். பிடித்து இழுத்தால் அடிப்பகுதி மண்ணிலேயே நின்றுவிடும். கொடிய நஞ்சுள்ள அமானிட்டா வகைகளில் பலவற்றின் தண்டடியில் பை போன்ற உறை இருக்கும். அது மண்ணில் தங்கிவிட்டால் முக்கியமான சாட்சியே போயிற்று. புற்றுக்காளானின் தண்டோ வேர் மாதிரி நீண்டு, கறையான் உள்ளே வளர்க்கும் பூஞ்சைக்கூடு வரை இறங்கும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம், சுற்றியுள்ள மரமும் மண்ணும் தெரிய ஒரு படம். இவை சேர்ந்தால்தான் பேச முடியும். வனத்துறைக் காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதி இல்லாமல் நுழையவோ எதையும் பறிக்கவோ கூடாது.

எடுத்த ஒன்றை வீட்டில் வித்துப் படிவு, அதாவது செவுளிலிருந்து உதிரும் வித்துத் தூளின் நிறம், பார்க்கப் பயன்படுத்துங்கள். தண்டை வெட்டிவிட்டு, குடையைச் செவுள் கீழே இருக்கும்படி, பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கறுப்புத் தாளிலும் வைத்து ஒரு கிண்ணத்தால் மூடுங்கள். வெள்ளை வித்து வெள்ளைத் தாளில் தெரியாது, அதனால்தான் இரண்டு நிறம். மறுநாள் காலை தூள் படிந்திருக்கும். ஃபேன் காற்று பட்டால் கலைந்துவிடும்.

கேள்வி: வெள்ளைக் காளான் படத்தில் சுண்ணாம்பு அப்பியதுபோல வருகிறது. காற்றில் வேறு ஆடுகிறது. (வாசகர், பெரியபட்டினம்)

பதில்: பின்னால் இருக்கும் கறுத்த மண்ணைப் பார்த்து ஃபோன் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. காளான் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, குடையின் வரிகள் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். நேர்வெயிலைக் குடை பிடித்து மறையுங்கள். அதே குடையை வாடை வரும் பக்கம் சாய்த்தால் ஆட்டமும் நிற்கும். கேமராவாக இருந்தால் எஃப் 8, ஐஎஸ்ஓ 400, வேகம் 1/125க்குக் குறையாமல். கேமராவுக்கு அடியில் அரைக்கிலோ அரிசி போட்ட துணிப்பை வையுங்கள், தரையோடு தரையாக நிற்கும்.

கேள்வி: லென்ஸில் உப்புப் படிகிறது. (வாசகர், பாம்பன்)

பதில்: காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்பும் மணலும் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு லேசாக நனைத்த லென்ஸ் துணியால் துடையுங்கள்.

கேள்வி: படத்தைப் பார்த்துச் சமைக்கலாமா என்று சொல்வீர்களா? (வாசகி, சாயல்குடி)

பதில்: சொல்ல மாட்டோம். புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக வரும் குளோரோஃபில்லம் மோலிப்டைட்ஸ் நஞ்சுள்ளது. இளசாக இருக்கும்போது அதன் செவுளும் வெள்ளைதான். முற்றிய பிறகே பச்சை ஏறும், வித்துப் படிவும் பச்சையாக விழும். படத்தில் இளசைப் பார்த்தால் நல்ல காளான் என்றே தோன்றும். மஞ்சள் போட்டுப் பார்ப்பது, வெள்ளிக்காசு போடுவது, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்ப்பது எதுவும் நஞ்சைக் காட்டாது. அமானிட்டாவின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. அதைத் தின்றவருக்கு ஆறு மணி நேரம் கழித்தும் வாந்தி, பேதி தொடங்கலாம். இடையில் தெளிந்ததுபோல இருந்து, பிறகு ஈரல் கெடும். யாராவது தின்றுவிட்டால் வாந்திக்குக் காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள். மிச்சக் காளானைக் காகிதத்தில் பொதிந்து ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும்.