வேலூர் வெயிலில் கீரைச் சாமந்தி: விதைக்கும் மாதமே முதல் கேள்வி

கேள்வி: குடியாத்தத்தை அடுத்த சிற்றூரில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கிறேன். கீரையாக உண்ணும் சாமந்தி விதையை வாங்கி ஆனி மாதத்தில் பாத்தியில் தூவினேன். பெரும்பாலானவை முளைக்கவில்லை, முளைத்தவையும் ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு விட்டன, இலையும் கசந்தது. விதை பழுதா, மண் சரியில்லையா? பூசைக்காக வளர்க்கும் சாமந்தியின் இலையையே சமைத்துவிடலாமா?

பதில்: விதையின் மீதும் மண்ணின் மீதும் பழி போடுவதற்கு முன், நீங்கள் விதைத்த மாதத்தைப் பார்க்க வேண்டும். கீரைச் சாமந்தி மத்தியதரைக்கடல் ஓரத்தைத் தாயகமாகக் கொண்ட ஒருபருவச் செடி; சீனா, ஜப்பான், கொரியா, வியட்நாம் மக்கள் அதை அன்றாடக் கீரையாக உண்கிறார்கள். தாவரவியலில் அதன் பெயர் கிளெபியோனிஸ் கொரோனேரியா. விதை உறையில் ஷுங்கிகு அல்லது தோங்ஹாவ் என்று அச்சிட்டிருந்தாலும் அதே செடிதான். அதன் விதை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையுள்ள மண்ணில் நன்கு முளைக்கும். மண் சூடேற ஏற முளைப்பு குறையும். வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்தால் செடி இலையை விட்டுவிட்டுப் பூவுக்கு விரையும். ஆனியில் வேலூர்ப் பக்கம் பகல் சுமார் 12 மணி 50 நிமிடம் நீள்கிறது, வெயிலும் 35 டிகிரியைத் தாண்டி நிற்கிறது. மார்கழியிலோ பகல் சுமார் 11 மணி 20 நிமிடம்தான், இரவு வெப்பமும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. கோடையில் விதைத்த கொத்தமல்லி தழைக்காமல் பூத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் நடந்தது அதுவே.

ஆகவே நம் சமவெளியில் கார்த்திகைப் பிறப்பிலிருந்து தை முதல் வாரம் வரை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாக விதையுங்கள். ஐப்பசியில் அவசரப்பட வேண்டாம், ஏனெனில் வடகிழக்குப் பருவத்தின் கனமழை சிறு விதையை வாரிக்கொண்டு போகும். நம் செம்மண்ணும் மழை நின்றபின் மேலே ஓடுபோல இறுகி, முளையை வெளியே வரவிடாது. ஏலகிரியில் தோட்டம் வைத்திருப்போருக்குக் குளிர் கூடுதலாகக் கிடைப்பதால் இந்தக் காலத்தை முன்னும் பின்னும் சற்று நீட்டிக்கொள்ளலாம்.

கார்த்திகையிலும் பகலில் மண் 25 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதால், விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்து பிறகு விதைப்பது நல்லது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் தண்ணீர்ப் பானையின் அடியில் உள்ள ஈரமணலில் அந்த முடிச்சை வைத்தாலும் ஓரளவு பயன் உண்டு. பாத்தியை அரை அடி உயர மேடாக எடுத்து, நன்கு மக்கிய தொழுவுரமும் சலித்த மண்புழு உரமும் கலந்து, ஒரு சாண் இடைவெளியில் கோடு கிழித்து, மணலோடு கலந்த விதையைத் தூவுங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது. மூடுவதற்குத் தோட்டத்து மண்ணை விடச் சலித்த உரமே மேல், அது இறுகாது. பூவாளியால் காலையும் மாலையும் மெல்லத் தெளித்து ஈரம் காயாமல் காத்தால், ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும்.

நீரைப் பற்றி ஒன்றைத் தவறாமல் கவனியுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிலின் கழிவால் பாலாற்றங்கரையின் பல கிணறுகளில் உப்பு ஏறியிருக்கிறது. உப்பு நீரில் எந்தச் சிறு விதையும் தடுமாறும். உங்கள் கிணற்று நீர் கரிப்பாக இருந்தால், முளைக்கும் காலம் வரையிலாவது பிடித்துவைத்த மழைநீரைப் பயன்படுத்துங்கள். கழிவு கலந்தது என்று தெரிந்த நீரை உண்ணும் கீரைக்கு ஒருபோதும் பாய்ச்சாதீர்கள்.

நாற்று நான்கு இலை விட்டதும் 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கலைத்துவிடுங்கள். பலர் மனம் வராமல் நெருக்கமாகவே விட்டுவிடுகிறார்கள். நெருங்கிய செடிகள் ஒல்லியாக நீண்டு, காற்றோட்டமின்றி அழுகலுக்கு இடம் கொடுக்கும். பிடுங்கிய நாற்றே முதல் கீரை. காலை வெயில் போதும், மேற்கு வெயிலைத் தடுக்க முருங்கையின் மெல்லிய நிழல் ஏற்றது. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி தென்பட்டால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், அடங்காவிட்டால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளியுங்கள்.

விதைத்த ஆறேழு வாரத்தில் செடி ஒரு சாணுக்குச் சற்று குறைவாக எழும்போது, அடியில் நான்கைந்து இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வெடித்து மறுபடி தழைக்கும். மாசி வெயில் ஏறும் வரை மூன்று முறை எடுக்கலாம். மொட்டு தெரிந்தபின் இலையில் கசப்பு கூடும், எனவே கிள்ளுவதைத் தள்ளிப்போடக் கூடாது. சமைக்கும்போதும் நீண்ட நேரம் வேகவிட்டால் கசக்கும். பாசிப்பருப்புக் கூட்டை இறக்கும் தறுவாயில் நறுக்கிச் சேர்த்து மூடிவைத்தால் வாசமும் நிறமும் நிற்கும். பூவில் இதழை மட்டும் உண்ணுங்கள், நடுக்கொண்டை கசப்பு.

பூசைச் சாமந்தியின் இலையைச் சமைக்க வேண்டாம். அது பக்கக் கன்றிலிருந்தும் தண்டுத் துண்டிலிருந்தும் வளர்க்கப்படும் வேறு செடி, இலையில் மென்மயிர் படர்ந்திருக்கும். கீரைச் சாமந்தியின் இலை வழவழப்பானது. கடைப் பூவும் நாற்றங்கால் செடியும் பெரும்பாலும் பூச்சிமருந்து பட்டவை என்பதால் அவற்றின் இதழையும் உணவில் சேர்க்கக் கூடாது. சாமந்தி, சூரியகாந்தி, பார்த்தீனியம் ஆகியவற்றால் தடிப்போ மூச்சிரைப்போ வருபவர்கள், ஒரே குடும்பம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் கீரைச் சாமந்தியை உண்ண வேண்டாம்.

மாசி முடிவில் நன்கு தழைத்த செடிகள் நான்கைந்தைப் பூக்க விடுங்கள். தேனீக்கள் வந்து மகரந்தம் சேர்க்கும். பூத்தலை காய்ந்து பழுப்பானதும் அறுத்து, நிழலில் உலர்த்தி, உதிர்த்துப் புடைத்து, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். புதிதாக எடுத்த விதைக்கு உறக்கக் காலம் உண்டு, உடனே விதைத்தால் முளைப்பு குறையும். அடுத்த கார்த்திகைக்குள் அது பெரும்பாலும் தெளிந்துவிடும்.