வெட்டிவேர் நாற்று காய்ந்துவிட்டதா? பிடுங்கும் முன் அடிக்கட்டையைப் பாருங்கள்

கேள்வி: ஏப்ரல் கடைசியில் மதில் ஓரமாக 40 வெட்டிவேர் நாற்றுகளை நட்டேன். "வறட்சியைத் தாங்கும் புல், தண்ணீரே தேவையில்லை" என்று விற்றவர் சொன்னதால் வாரம் ஒருமுறைதான் ஊற்றினேன். மூன்றே வாரத்தில் இலையெல்லாம் பழுப்பாகிவிட்டது. இப்போது வேர் ஊக்கி மருந்து வாங்கித் தெளிக்கச் சொல்கிறார். வாங்கலாமா? இதன் வேர் மதிலில் விரிசல் விடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? – மதுரை வாசகி

பதில்: மருந்து வாங்காதீர்கள் அம்மா. உங்கள் நாற்றுக்கு வந்திருப்பது நோய் இல்லை, தாகம்.

வெட்டிவேர் வறட்சியைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திறன் அதன் வேரில் இருக்கிறது. நன்றாக ஊன்றிய தூரின் வேர் மூன்று மீட்டர் ஆழம்கூட இறங்கும். மேல் மண் வெடித்துக் கிடந்தாலும் அடியில் இருக்கும் ஈரத்தைத் தேடிக் குடித்துக்கொள்ளும். நீங்கள் நட்ட நாற்றுக்கோ வேரைக் கத்தரித்து விரல் நீளம்தான் விட்டிருப்பார்கள். அது எந்த ஆழத்துக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும்? முதல் மூன்று மாதம் இதுவும் கத்தரி நாற்றைப் போன்ற பச்சைக் குழந்தைதான். இதைச் சொல்லாமல் விற்கிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது இது. காய்ந்த இலையை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். அடிமண்ணை விரலால் விலக்கி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெளிமடலை உரித்து நகத்தால் கீறிப் பாருங்கள். வெங்காயத் தண்டுபோல வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி, அழுத்தினால் கூடுபோல நசுங்கினால் போய்விட்டது. புதுத் தளிர் அந்த அடிக்கட்டையிலிருந்துதான் வரும், இலையிலிருந்து அல்ல. ஆகவே இலையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

உயிரோடு இருப்பவற்றுக்கு மூன்று வாரம் ஒன்றுவிட்ட ஒரு நாள், மாலையில், அடிமண் நனைய ஊற்றுங்கள். காய்ந்த சருகால் மூடாக்குப் போடுங்கள். துணி துவைத்த அலசல் தண்ணீர் போதும், இந்தப் புல் அதைத் தாராளமாகத் தாங்கும். தளிர் வந்தபின் வாரம் இரண்டு முறை, பிறகு ஒரு முறை. ஒரு வருடம் போனால் நீங்களே மறந்துவிடுவீர்கள். வெயில் மட்டும் குறையக் கூடாது, மர நிழலில் இது சோம்பிப்போகும்.

மதிலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மதிலைப் பிளப்பது அரசும் ஆலும்போல வருடா வருடம் பருக்கிற மரவேர். வெட்டிவேர் நூல்போன்ற சல்லிவேர், பெரும்பாலும் நேர்கீழாக இறங்கும். ஒன்றரை அடி தள்ளி நட்டால் போதும். அதுவும் நாளைக்கு மண்வெட்டி போட இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

இன்னொரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இதே ஆட்கள் அடுத்ததாக "வெட்டிவேர் விதை" என்று பொட்டலம் நீட்டுவார்கள். தென்னாட்டில் பயிரிடுகிற வகை பூத்தாலும் முளைக்கிற விதை தருவதில்லை, தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். வட இந்திய ஆற்றோரங்களில் காடாக வளரும் வகை விதை போடும். அது தோட்டத்தில் களையாகிவிடும், நமக்கு வேண்டாம். எலுமிச்சைப் புல்லை வெட்டிவேர் என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. வாங்கும்போது இலையைக் கசக்கி முகருங்கள். எலுமிச்சை வாசனை வந்தால் அது வேறு புல். வெட்டிவேரின் வாசம் வேரில் மட்டுமே, இலையில் இருக்காது. "நாற்றை எங்களிடம் வாங்குங்கள், வேரை நாங்களே விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வேர் முற்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அவருடைய தொலைபேசி எண் மாறியிருக்கும்.

ஏமாந்தால் எங்கே முறையிடுவது? 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் உணவுப் பயிர், தீவனம், பருத்தி, சணல் ஆகியவற்றைத்தான் கணக்கில் எடுக்கிறது. கன்று, கிழங்கு, குச்சி ஆகியவற்றையும் அது விதை என்றே கொள்கிறது, ஆனால் உணவுப் பயிருக்கும் தீவனத்துக்கும் மட்டும். வாசனைப் புல்லின் நாற்று அதில் எங்கும் இல்லை. ஐம்பது ஏக்கரில் இதை நட்டவருக்கே அந்தச் சட்டத்தில் பதில் கிடைக்காதபோது மதிலோரத்து 40 நாற்றுக்கு யார் பதில் சொல்வார்கள்? முளைக்காத விதையை விற்கிறவனைத் தட்டிக் கேட்க ஓர் அலுவலர் இருக்கிறார், காய்ந்த நாற்றை விற்கிறவனைக் கேட்க அந்தச் சட்டத்தில் ஆளில்லை, நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். இத்தனை ஆண்டுகளாக இந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

தொட்டியில் வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். பசுமைக்காக என்றால் வைக்காதீர்கள். வேர் இறங்க ஆழம் இல்லையென்றால் வறட்சியைத் தாங்குகிற பேச்சே இல்லை, தினமும் தண்ணீர் கேட்கும். ஆனால் வேர்தான் வேண்டும், தண்ணீர்ப் பானையில் போடவும் தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் ஒரு பிடி போதும் என்றால், சாக்குதான் சிறந்த வழி. தரையில் வளர்ந்த வேரை அறுபடாமல் எடுக்க இடுப்பளவு குழி தோண்ட வேண்டும். கடலூர்க் கடற்கரை மணலில் அது எளிது, உங்கள் ஊர் இறுகிய மண்ணில் கடப்பாரை வேண்டும். பழைய அரிசிச் சாக்கின் அடியில் நான்கைந்து ஓட்டை போட்டு, மூன்று பங்கு மணல், ஒரு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். ஒரு சாக்குக்கு இரண்டு மூன்று நாற்றுகள். சாக்கு சாயாமல் சுவரோடு சேர்த்து நிறுத்தி, தினமும் ஒரு செம்புத் தண்ணீர் விடுங்கள். 14 மாதம் கழித்துச் சாக்கைக் கத்தியால் கீறி, தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கழுவினால் வேர் ஜடையாகக் கையோடு வரும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் வாசம் போய்விடும்.

காய்ந்துபோன இடங்களை இப்போதே நிரப்ப அவசரப்படாதீர்கள். புரட்டாசி முடிந்து ஐப்பசி மழை தொடங்கட்டும். பிழைத்த தூர்கள் அதற்குள் பக்கத்தில் கிளைத்திருக்கும். தடித்த தூரில் இரண்டு மூன்று கிளைகளை வேரோடு பிரித்து, இலையை ஒரு சாணாக வெட்டி, பிரித்த அன்றே அரையடி இடைவெளியில் நடுங்கள். மறுபடியும் யாரிடமும் நாற்று வாங்க வேண்டியிருக்காது.