சோக்கை இழுத்தால் மட்டும் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள்: கோளாறு எங்கே?

பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த வண்டி உதைத்ததும் உயிர் பெறுகிறது, சோக்கை எடுத்தால் அணைந்துவிடுகிறது என்கிறீர்கள். கவலை வேண்டாம், நல்ல அறிகுறிதான். தீப்பொறி இருக்கிறது, கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) இருக்கிறது. சோக் இழுத்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும்; அது இல்லாமல் ஓடவில்லை என்றால், பெட்ரோல்தான் போதவில்லை.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியானதும் வார்னிஷ் போன்ற பிசின் படியும். அதிலுள்ள பைலட் ஜெட்டின் (வண்டி மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சிறு பித்தளைத் திருகு) துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை அடைக்க இந்தப் படிவு தாராளம். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் பாதி அடைப்பு. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். கம்பியால் மட்டும் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை அகன்றுவிட்டால் புது ஜெட்தான் வாங்க வேண்டும். (அவசரப்பட்டு நானே ஒன்றைக் கெடுத்திருக்கிறேன்.)

இதற்குமுன் டேங்கின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். துரு உதிர்ந்தால், எத்தனை முறை ஜெட்டைத் துடைத்தாலும் மறுபடி அடைக்கும். பலர் இதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

ஜெட் சுத்தமாகியும் மாற்றமில்லையா? கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய் விரிசல் விட்டோ, கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) காய்ந்தோ காற்று உள்ளே கசிந்து, பெட்ரோலின் பங்கைக் குறைக்கலாம். ஓட்டிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் ஓரளவு புரியும்: நுனி சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தால் இன்னமும் பெட்ரோல் குறைவு, வெளிர் பழுப்பு என்றால் சரி.

பழைய இன்ஜின் ஆயிலை மாற்றாமல், பிரேக்கைச் சோதிக்காமல் சாலைக்கு எடுக்காதீர்கள். பக்கவாட்டில் வெடிப்பு கண்ட டயர், பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடுகள்) தேயாமல் இருந்தாலும் குப்பைக்குத்தான்.