பனிமலையில தனியா நடக்கலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: பல வாரம் தனியா நடக்கிற ட்ரெக் ஒண்ணு ப்ளான் பண்ணியிருக்கேன் சார். நடுவுல பனி மூடின கணவாய்கள் வருது. சாதாரண பாதையில ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் நடப்பேன், பனியில 20 வச்சுக்கலாமா?

பதில்: கிலோமீட்டரை விடுங்க, கடிகாரத்தைப் பாருங்க. ராத்திரிக் குளிர்ல பனி இறுகி தரை மாதிரி கிடக்கும், விடியக்காலையில அது மேல ஜம்முனு போயிடலாம். வெயில் ஏற ஏற இளகிடும், அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் கால் முட்டி வரைக்கும் உள்ள போகும், இழுத்து அடுத்த அடி வச்சா அதுவும் உள்ள, சில நேரம் தொடை வரைக்கும், இதுக்குப் பேரு போஸ்ட்ஹோலிங், மணிக்கு ஒரு கிலோமீட்டர் தேறினாலே பெருசு. அமெரிக்காவுல பசிபிக் க்ரெஸ்ட் ட்ரெயில்ங்கிற நீண்ட மலைப்பாதையில நடக்கிறவங்க, 4,009 மீட்டர் உயரத்துல இருக்கிற ஃபாரஸ்டர் பாஸ்ங்கிற கணவாயை பனிக்காலம் முடியுற நேரத்துல தாண்டணும்னா ராத்திரி 2, 3 மணிக்கே ஹெட்லாம்ப் மாட்டிட்டு கிளம்பிடுவாங்க. சோம்பேறி நான், எனக்கும் அது பிடிக்காதுதான்.

ஆனா இறுகின பனி வழுக்கும். ஷூவுக்கு அடியில மைக்ரோஸ்பைக்ஸ்ங்கிற சின்ன முள்ளு சங்கிலி போடுங்க, சரிவு செங்குத்தா இருந்தா பெரிய முள்ளு இருக்கிற க்ராம்பான். ஐஸ் ஆக்ஸை, அதாவது பனிக்கோடாலியை, பையில கட்டி வைக்காதீங்க, மலைப்பக்கம் இருக்கிற கையில இருக்கணும், விழுந்தா அதை வச்சு சறுக்கலை எப்படி நிறுத்துறதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே ஆபத்தில்லாத ஒரு சரிவுல விழுந்து விழுந்து பழகிக்கோங்க.

இன்னொண்ணு, ஆறு. பகல்ல உருகுற பனி சாயங்காலம்தான் ஆத்துல வெள்ளமா வந்து சேரும், விடியக்காலையில தண்ணி கம்மியா இருக்கும். கணவாயும் காலையில, ஆறும் காலையிலன்னா எப்படின்னு கேப்பீங்க. கணவாயைத் தாண்டி மதியம் ஆத்தங்கரைக்கு வந்துட்டீங்கன்னா இறங்காதீங்க, இந்தக் கரையிலயே டென்ட் போட்டுட்டு சாக்ஸைக் காயப்போடுங்க. 2 மணிக்கே படுத்துட்டோமேன்னு மனசு உறுத்தும், உறுத்தட்டும். அப்படிப் பாத்தா ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர் போனாலே நல்ல நாள்தான், சாப்பாட்டையும் அந்தக் கணக்குல எடுத்துட்டுப் போங்க.

கேள்வி: தனியா போறவங்க, பனிச்சரிவுல புதைஞ்சா நாம இருக்கிற இடத்தை மத்தவங்களுக்குக் காட்டுற அவலாஞ்ச் பீக்கன் கருவி வாங்கணுமா?

பதில்: பனிக்குள்ள புதைஞ்ச ஆளை கால் மணி நேரத்துக்குள்ள தோண்டி எடுத்தாத்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. உங்களைத் தோண்ட யாரு இருக்கா? அந்தக் காசுக்கு பனிச்சரிவு பத்தி ஒரு கோர்ஸ் படிங்க. புதுப்பனி கொட்டின மறுநாள் 30லேர்ந்து 45 டிகிரி சரிவு பக்கம் போகாதீங்க, அதுக்கு நேர் அடியிலயும் நடக்காதீங்க.

கேள்வி: வாட்டர் ஃபில்டர் ராத்திரி உறைஞ்சுபோச்சு. உருகினதும் யூஸ் பண்ணலாமா?

பதில்: நுண்குழாய் ஃபில்டர்னா தூக்கிப் போடுங்க. உள்ள நின்ன தண்ணி உறைஞ்சு விரியும்போது குழாய் வெடிச்சிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது, தண்ணியும் வழக்கம்போல வரும், அதான் ஆபத்து. ராத்திரி அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வச்சுக்கோங்க, கேஸ் கேனிஸ்டரையும் சேத்து. பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழ ஆவியாகாது, அடுப்பு காலையில அழும். நான் இதெல்லாம் பத்திரமா வச்சுட்டு ஈர ஷூவை வெளிய விட்டேன் ஒரு தடவை. காலையில மரக்கட்டை. கால் உள்ள போகவே அரை மணி நேரம் ஆச்சு, இறுகின பனி நேரமெல்லாம் அதுலயே போச்சு.

கேள்வி: மேகமூட்டமா இருந்தா கூலிங்கிளாஸ் வேணுமா?

பதில்: வேணும். புதுப்பனி புற ஊதாக்கதிரை 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும். சன்ஸ்க்ரீனை மூக்குக்கு அடியிலயும் தடவுங்க, அங்க வெயில் கீழேருந்தும் வரும்.

கேள்வி: தம்பி, என் பொண்ணு இப்படித்தான் தனியா போறா. சாட்டிலைட் மெசேஜ் அனுப்புறேன்னு சொல்லியிருக்கா, ஒரு நாள் வரலேன்னா நான் என்ன பண்றது?

பதில்: அம்மா, ஆழமான பள்ளத்தாக்குல இருந்தா மெசேஜ் லேட்டாகும், குளிர்ல பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், அதனால ஒரு நாள் வரலேன்னா உடனே பயப்படாதீங்க. எத்தனை மணி நேரம் பொறுக்கணும், அதுக்கு மேல எந்த மீட்புக் குழுவுக்கு போன் போடணும்னு அவ கிளம்புறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் பேசி பேப்பர்ல எழுதுங்க. அவ போற வழி, டென்ட் கலர், ஜாக்கெட் கலர், திரும்பி வர்ற தேதி எல்லாம் அதுலயே இருக்கட்டும். அந்தத் தேதிக்கு முன்னாடி பாதியில திரும்பி வந்தான்னா ஏன்னு கேக்காம சோறு போடுங்க.