வாசகர் கேள்வி – பதில்: அது மாத ஊசி இல்லை

கேள்வி: மகளுக்கு 11 வயது. போன வருஷம் காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால் எல்லாம் மாறி மாறி வீங்கியது. ருமாட்டிக் காய்ச்சல், இருதய வால்விலும் கொஞ்சம் கசிவு என்றார்கள். மூன்று கிழமைக்கு ஒருக்கா பென்சத்தீன் பெனிசிலின் ஊசி. இப்போது நன்றாக ஓடி விளையாடுகிறாள். ஊசி நாள் வந்தால்தான் அழுகை. மாதம் ஒருக்கா போட்டால் போதாதா? குளிசை இல்லையா?
— ஒரு தாய், ஏறாவூர்

பதில்: போதாது. இந்தப் பெனிசிலின் தசைக்குள் தங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கலக்கும். மூன்றாம் கிழமை தாண்டும்போது அளவு இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி தொற்றினால் காய்ச்சல் திரும்பும். திரும்பும்போதெல்லாம் அடி விழுவது ஏற்கெனவே கசியும் அந்த வால்வுக்குத்தான்.

தாய்வானில் 249 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு 3 கிழமைக்கு ஒருமுறையும் மற்றப் பகுதிக்கு 4 கிழமைக்கு ஒருமுறையும் ஊசி போட்டு, 12 வருடம் வரை கவனித்தார்கள். முடிவு 1994 இல் வெளிவந்தது. ஒழுங்காக ஊசி போட்டும் காய்ச்சல் திரும்பியவர்கள் முதல் பகுதியில் 2 பேர், இரண்டாம் பகுதியில் 10 பேர். 4 கிழமை முறையை வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. ஆனால் உங்கள் மகளின் கொப்பியில் 3 என்று எழுதியிருந்தால் அதை வீட்டில் 4 ஆக்க வேண்டாம்.

பிசகு பெரும்பாலும் கணக்கில்தான் நடக்கிறது. ‘மாத ஊசி’ என்று வாயில் பழகிவிட்டால் 21 நாள் தானாகவே 30 ஆகிவிடும். 21 நாளுக்குக் கிழமை மாறாது: செவ்வாயில் தொடங்கினால் எப்போதும் செவ்வாய்தான். ஒரு கலண்டரில் வருடம் முழுவதற்கும் வட்டம் போட்டு வையுங்கள். ஒரு நாள் முந்தினால் பரவாயில்லை, பிந்தக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்து பாதை அறுபடும் ஊர்க்காரர், பக்கத்து வைத்தியசாலையிலும் போட்டுக்கொள்ள ஒரு கடிதத்தை முன்கூட்டியே கிளினிக்கில் வாங்கி வைப்பது நல்லது.

நோவைக் குறைக்க வழி உண்டு. மருந்து தூளாக வரும். கரைத்தாலும் பால்போலத் தடிப்பாகவே இருக்கும். வேகமாகத் தள்ளினால் நோகும், கரைத்து வைத்துத் தாமதித்தால் ஊசி அடைக்கும். குத்தும் இடத்தைப் பெருவிரலால் 10 விநாடி அழுத்திவிட்டு, ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்தி, இரண்டு மூன்று நிமிடமெடுத்து மெதுவாகச் செலுத்தச் சொல்லிக் கேளுங்கள். லிக்னோகெயின் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்தைச் சேர்த்துக் கரைக்கும் முறையும் உண்டு; அது வைத்தியரின் முடிவு. வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். ஏதும் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, படுத்தபடி போட்டுக்கொண்டால் மயக்கம் குறையும். நோன்பு மாதத்தில் ஊசித் திகதி வந்தால் முதலே தாதியிடம் சொல்லி நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள்.

குளிசை உண்டு: பெனிசிலின் வி, தினம் இரண்டு வேளை. பத்து வருடம் ஒரு வேளையும் தவறாமல் விழுங்கும் பிள்ளை அபூர்வம் என்பதால்தான் ஊசி முதலிடத்தில் இருக்கிறது. வால்வு கடுமையாகப் பழுதான சில பிள்ளைகளுக்கு மட்டும் ஊசியைவிடக் குளிசையே பாதுகாப்பு என வைத்தியர் முடிவு செய்வார்.

எத்தனை காலம்? இருதயம் தொடப்படாவிட்டால் 5 வருடம் அல்லது 21 வயது. தொட்டு ஆறியிருந்தால் 10 வருடம் அல்லது 21 வயது. வால்வில் பழுது நிலைத்துவிட்டால் 10 வருடம் அல்லது 40 வயது. இரண்டில் எது பிந்தியதோ அதுவரை.

கேள்வி: மகனுக்கு 9 வயது. வேறொரு காரணத்துக்கு எக்கோ (இருதய ஸ்கேன்) எடுத்தபோது வால்வில் லேசான ருமாட்டிக் மாற்றம் என்றார்கள். ஒரு வருத்தமும் இல்லாத பிள்ளைக்கு எதற்கு ஊசி?
— ஒரு தந்தை, தம்பிலுவில்

பதில்: இதே கேள்வியை எடுத்துக்கொண்டு வட உகண்டாவில் ஓர் ஆய்வு நடந்தது. இப்படி மறைந்திருக்கும் நோயுள்ள 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 818 பேர். பாதிப்பேருக்கு 4 கிழமைக்கு ஒரு ஊசி, மீதிப்பேருக்கு இல்லை. இரண்டு வருடம் கழித்து எக்கோவில் நோய் முற்றியிருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 0.8 வீதம், போடாதவர்களில் 8.2 வீதம்.

இதைத் திருப்பியும் பாருங்கள். ஊசி போடாதவர்களில் 90 வீதத்துக்கு மேல் அந்த இரண்டு வருடத்தில் முற்றவில்லை. ஒரு பிள்ளையைக் காக்கச் சுமார் 13 பிள்ளைகள் இரண்டு வருடம் குத்துப்பட வேண்டும். எங்கள் எண்ணத்தில் அது கொடுக்கத் தகுந்த விலைதான். ஆனால் லேசான மாற்றத்தைச் சரியாகப் படிப்பது கடினம். ஊசி தொடங்குமுன் பிள்ளை இருதய நிபுணர் ஒருவர் எக்கோவை இன்னொருமுறை பார்க்கட்டும்.

கேள்வி: பிள்ளையை ஓர் ஆய்வில் சேர்க்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். எங்கள் பிள்ளையைப் பரிசோதனை எலி ஆக்குகிறார்களோ?
— களுவாஞ்சிக்குடி

பதில்: ஆய்வு இல்லாமல் பெரியவர்களின் மருந்தை அளவு குறைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதும் ஒரு பரிசோதனைதான், கணக்கு வைக்காத பரிசோதனை. பெரியவர்களின் இதயச் செயலிழப்புக்கு நன்றாக வேலை செய்யும் கார்வெடிலோலை 161 பிள்ளைகளில் சோதித்து 2007 இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தில்லாத வெறுங்குளிசையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்த இலக்கம் என்ன, எத்தனை தடவை எத்தனை மில்லிலீட்டர் இரத்தம் எடுப்பார்கள், பயணச் செலவு யாருடையது, பக்கவிளைவு வந்தால் யார் பொறுப்பு. இடையில் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. விவரம் புரியும் வயதென்றால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். படிவத்தில் ஒரு பிரதி உங்களுக்கு.

கேள்வி: 4 மாதக் குழந்தை, இருதயத்தின் கீழறைகளுக்கு இடையில் ஓட்டை. கப்டோபிரில் 25 மில்லிகிராம் குளிசையை 25 மில்லிலீட்டர் தண்ணீரில் கரைத்து 3 மில்லிலீட்டர் கொடுக்கச் சொன்னார்கள். மிச்சத்தை இரவுக்கு வைக்கலாமா?
— அக்கரைப்பற்று

பதில்: வைக்க வேண்டாம். கப்டோபிரில் தண்ணீரில் நிற்க நிற்கக் கெடும். ஒவ்வொரு வேளையும் கொதித்து ஆறிய நீரில் புதிதாகக் கரைத்து, மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். கணக்கு இதுதான்: 1 மில்லிலீட்டரில் 1 மில்லிகிராம். அடியில் படியும் வெள்ளைத் தூளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மருந்து நீரில் கரைந்திருக்கும். ஆனால் ஸ்பைரனோலக்டோன் என்ற நீர் போக்கும் மருந்தும் தந்திருந்தால் அது அப்படியல்ல; கரையாமல் அடியில் படிவதே மருந்துதான். அதைக் கலக்கிய உடனே உறிஞ்ச வேண்டும்.

அளக்க ஊசி முனை இல்லாத மில்லிலீட்டர் சிரிஞ்ச் மட்டும். தேக்கரண்டி வேண்டாம். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டவே வேண்டாம்: அதிலுள்ள 100 அலகு சேர்ந்து 1 மில்லிலீட்டர். வாந்தி எடுத்தால் மறு அளவு கொடுக்காமல் அடுத்த வேளைக்குப் பொறுங்கள். வயிற்றோட்டமோ பால் குடிக்காமையோ இருந்தால், இந்த மருந்துகளைத் தொடரலாமா என்று அன்றைக்கே வைத்தியசாலையில் கேட்க வேண்டும். நீர் வற்றிய உடம்பில் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

தூங்கும்போது முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 50ஐத் தொட்டால், பால் குடிக்க அரைமணிக்கு மேல் எடுத்தால், குடிக்கையில் நெற்றி வியர்த்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். எடையை ஒவ்வொரு முறையும் ஒரே தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். அளவு கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் போடப்படுகிறது. எடை கூடினால் அந்த 3 மில்லிலீட்டரும் மாறும்.

கேள்வி: மகனுக்கு ‘டெட்ராலஜி ஒஃப் ஃபலோ’ என்ற பிறவி இருதய நோய். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி வாங்கினோம். 78, 84, 71 என்று ஓடுகிறது.
— வாழைச்சேனை

பதில்: பெரியவர்களின் கிளிப் சின்ன விரலில் சரியாக உட்காராது. 80க்குக் கீழே இந்த மலிவுக் கருவிகளின் துல்லியமும் குறைவு. கை சூடாக, பிள்ளை அசையாமல், துடிப்பின் எண்ணிக்கை நிலைத்தபின் வரும் எண்ணையே எழுதுங்கள். ‘இவனுக்கு வழமையான அளவு எது’ என்று வைத்தியரிடம் கேட்டு அதைக் கருவியின் முதுகில் ஒட்டி வையுங்கள். அழுது அழுது உதடு நீலம் பாரித்து, மூச்சு ஆழமாக வாங்கினால் கருவியைத் தேடாதீர்கள். மடியில் தூக்கி, முழங்கால்கள் இரண்டையும் நெஞ்சோடு மடக்கிப் பிடித்துக்கொண்டு, 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.